சேக்காட்டு வீட்டு பேசின் பெட்டி

தம்பிகளா, நம் தொழிலில் ஒருவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்கிற கேள்வி எது? எங்கே ஒழுகுது என்பது இல்லை. "யாரு சார் இந்த வேலையப் பண்ணது?" என்பதுதான். கேட்கும்போது உதட்டைக் கொஞ்சம் பிதுக்க வேண்டும், முடிந்தால் தலையையும் ஆட்ட வேண்டும். வீட்டுக்காரர் முகம் உடனே தொங்கிப் போகும். முன்னால் வந்தவன் திருட்டுப் பயல், இப்போது வந்திருப்பவர் கடவுள் அனுப்பிய ஆள் என்று அந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிடும். போன மாதம் அம்பத்தூரில் ஒரு வீட்டில் உங்களில் ஒருத்தன் இதையே கேட்டானாம். அந்த வேலையைச் செய்தவன் நான். வீட்டுக்கார அம்மா போன் போட்டு என்னிடமே சொன்னார். யார் என்று பேர் சொல்ல மாட்டேன், அவனே முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

முட்டி தேய்ந்து, குந்தி உட்கார முடியாமல் வேலையை விட்டவன் நான். குந்த முடியாத பிளம்பருக்கு இந்த உலகத்தில் வேலை கிடையாது. அதனால் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பைப் வெட்டுவது, மரை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், இப்போது அதற்கு மிஷினே வந்துவிட்டது. நான் வேறு ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறாமையைப் பற்றி.

பொறாமைப்படாதீர்கள் என்று உபதேசம் செய்ய வரவில்லை. எனக்கு இருந்தது, இன்னமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் கூட வேலை செய்த ஒருத்தனை நினைத்து இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் பேர் தனசேகர். சேகர் என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது அம்பத்தூர், ஆவடி பக்கமெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியரிடம் நாங்கள் இரண்டு பேரும் ஃபிட்டர்கள். நல்ல மனுஷன் அந்த இன்ஜினியர். குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு ரிடையர் ஆனவர்கள் கையில் வந்த பணத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கு ஓயாமல் வேலை இருந்தது.

சேகரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவான். சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவான். நான் காலையில் ஒரு வால்வைக் கழற்றினாலே காக்கிச் சட்டை கறுப்பாகிவிடும். அவன் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு கசிந்து நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வீட்டு வாசலில் கண்ணாடி கிளாஸில் டீ வரும், அவனுக்கு ஹாலில் நாற்காலி போட்டு டபராவில் காபி வரும். அவன் மொபெட்டில் வருவான், நான் சைக்கிளில் மூச்சு வாங்க வருவேன். தலைமுடி கூட அவனுக்கு அடர்த்தி. என் வீட்டுக்காரி கஸ்தூரி ஒருநாள் சோறு போடும்போது, "நீ என் பேர சொல்றத வுட சேகர் பேரத்தான் ஜாஸ்தி சொல்லிகினு கீற, அவனயே கட்டிகினு இருந்திருக்கலாமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் கெட்டவன் கிடையாது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கொஞ்சம் வாய் நீளம், அவ்வளவுதான். அந்த வாய்தான் இந்தக் கதையில் அவனை மாட்டிவிட்டது.

கொரட்டூரில் ஏரிப் பக்கம் இன்ஜினியர் அடுக்குமாடி கட்ட இடம் எடுத்திருந்தார். அதுவரை தனித்தனி வீடுதான் செய்துகொண்டிருந்தோம். அடுக்குமாடி என்றால் ஹெட் ஃபிட்டர் ஒருத்தன் வேண்டும். வரைபடத்தை அவன் கையில் கொடுப்பார்கள், மற்றவர்கள் அவன் சொன்னபடி கேட்க வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார், யார் என்று சொல்லவில்லை. எனக்கு ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. அந்த வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நான் நடப்பது போல, சேகர் பின்னால் பைப்பைத் தூக்கிக்கொண்டு வருவது போல மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சேக்காட்டில் சபாபதி சார் வீட்டு வேலை வந்தது. சபாபதி சார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், சேலத்துக்காரர். புது மிஷின் வந்து இறங்கினால் அதை அஸ்திவாரத்தில் உட்கார வைத்து, மயிரிழை சாயாமல் மட்டம் பார்ப்பதுதான் அவருடைய வேலை. இன்ஜினியருடைய அப்பாவுக்கு அவர் பழைய சிநேகிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இன்ஜினியரிடம் அது செல்லும்.

அவருடைய மகன் துபாயிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். குளியலறையில் அலமாரி மாதிரி ஒரு மரப் பெட்டி, மேலே கறுப்பு கிரானைட், அதில் பதித்த வாஷ் பேசின். 'வேனிட்டி' என்று அதற்குப் பெயராம். நமக்கு அந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை, பேசின் பெட்டி என்றுதான் சொன்னோம். அதுவரைக்கும் பேசின் என்றால் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டுவதுதான். அந்தப் பக்கத்திலேயே முதல் பேசின் பெட்டி அது. ஆசாரி தேக்கில் நான்கு கால் வைத்துச் செய்து கொடுத்துவிட்டார். அதை நிறுத்தி, மட்டம் பார்த்து, குழாய் இணைக்கிற வேலை சேகருக்குப் போனது. எனக்கு நூம்பலில் ஒரு செப்டிக் டேங்க் வேலை. எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் பாருங்கள்.

குளியலறையில் ஒரு பெட்டியை நிறுத்துவது சுலபம் இல்லை, உங்களுக்கே தெரியும். தண்ணீர் வடிய வேண்டுமே, தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். தரை ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்திருக்கும், பெட்டி சாயக் கூடாது. இப்போது திருகினால் ஏறி இறங்குகிற கால் கடையிலேயே விற்கிறது. அன்றைக்கு அதெல்லாம் ஏது?

ஒரு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். சபாபதி சார் கோபமாக இருக்கிறார், சேகரை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார், இரண்டு மூன்று தடவை பிரித்து மாட்டியும் பெட்டி மட்டத்துக்கு வரவில்லையாம் என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "ஏழுமலை, நீ போய்ப் பாரு. சேகர் சொதப்பியிருந்தா நீ சரி பண்ணிக் குடு. ஒரு பெட்டியவே நிறுத்த முடியாதவன நம்பி நான் எப்படிக் கொரட்டூரைக் குடுக்கிறது?"

அன்றைக்கு ராத்திரி நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள். குழந்தை மாதிரி தூங்கினேன். காலையில் கஸ்தூரி என் சட்டையைப் பார்த்துவிட்டு, இன்னா விசேஷம் என்று கேட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சைக்கிளை மிதித்துக்கொண்டு சேக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சபாபதி சார் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நேராகக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். நான் வாசலில் நின்று, பெட்டியை மேலும் கீழும் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, "யாரு சார் இந்த வேலையப் பண்ணது?" என்றேன். யார் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கேள்வியை வாழ்க்கையில் அவ்வளவு ருசித்து நான் கேட்டதே இல்லை.

"அந்த சேகர்தான்ப்பா. மட்டம்னா என்னன்னே தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் பச்சைத் துணி விரித்து ஒரு இரும்பு ரசமட்டம். நம் கையில் இருக்கிற மாதிரி மரத்திலோ அலுமினியத்திலோ செய்தது இல்லை. செங்கல் கனம், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. மிஷின் மட்டம் பார்க்கிறது. ரிடையர் ஆன பிறகு ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதாம். அதைக் கிரானைட்டின் மேல் நீளவாக்கில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி மெதுவாக நகர்ந்து ஒரு கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார். பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சேகர் தப்பு பண்ணிவிட்டான்! வெள்ளைச் சட்டை சேகர், டபரா காபி சேகர், ஒரு பெட்டியைக் கோணலாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

சபாபதி சார் இன்னும் சொன்னார். காலையில் சேகர் சரி பண்ணிவிட்டுப் போனால் குமிழி நடுவில் நிற்கிறதாம், மாலையில் வைத்துப் பார்த்தால் ஓடிப் போகிறதாம். ஏதோ தற்காலிகமாக முட்டுக் கொடுத்து ஏமாற்றுகிறான் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டதற்கு சேகர், "சார், இது பாத்ரூமு, லேத்து பட்டறை இல்ல. அந்தக் கல்ல பெட்டில வெச்சுப் பூட்டு" என்றானாம். சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்து வேலை செய்த சாமானை ஒருத்தன் கல் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதற்குத்தான் வெளியே அனுப்பியிருக்கிறார்.

நான் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தேன்.

பார்த்திருக்கவே கூடாது, தம்பிகளா. நானாக இருந்தால் என்ன பண்ணியிருப்பேன்? தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு அடியில் மரச் சக்கை வைத்து ஆப்பு அடித்து, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசி மறைத்திருப்பேன். அப்போது எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். சேகர் ஆப்பே வைக்கவில்லை. நான்கு காலையும் நான்கு உயரத்துக்கு வெட்டியிருந்தான். வெட்டின முகத்தையும் தரையின் வாட்டத்துக்குத் தக்கபடி சாய்த்து இழைத்திருந்தான், பாதம் முழுசாகப் பதிந்து நின்றது. ஈரம் மரத்தில் ஏறக் கூடாதென்று ஒவ்வொரு காலுக்கும் அடியில் கிரானைட் துண்டு ஒன்றைக் காலின் அளவுக்கே அறுத்து வைத்திருந்தான். விரல் நுனியால் தடவினேன். எங்கேயும் இடறவில்லை. நிமிர்ந்து கிரானைட் விளிம்பையும் பின்னால் இருக்கிற டைல்ஸ் கோட்டையும் பார்த்தேன். இரண்டும் தண்டவாளம் மாதிரி சேர்ந்தே போயின.

காதில் புகை வருகிறது என்று கேலியாகச் சொல்வோமே, எனக்கு நிஜமாகவே காது சுட்டது. தப்பைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு வேலையைப் பார்த்தால் யாருக்குத்தான் சுடாது? என் பையில் இருந்த சாதாரண ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி நட்டநடுவில். திருப்பி வைத்தேன், அப்போதும் நட்டநடுவில். குறுக்கே வைத்தாலும் அப்படியே. கையில் தண்ணீர் எடுத்துக் கிரானைட்டின் மேல் ஊற்றினேன். ஊற்றின இடத்திலேயே நின்றது, எந்தப் பக்கமும் போகவில்லை.

சபாபதி சார் என் மட்டத்தைப் பார்த்து, "அது கடையில விக்கிறதுப்பா. இதுல காட்டு" என்று தன்னுடையதைத் தட்டினார்.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. மிஷினுக்காகச் செய்த மட்டம் அது. ஒரு தலைமுடி கனம் ஏறினாலும் காட்டிக்கொடுக்கும். காலைக்கும் மாலைக்கும் மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்குமே, அதற்கே குமிழி ஓடிவிடும்; நாம் கட்டுகிற எந்தப் பொருளும் அதன் கணக்குக்கு நிற்காது. சேகர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, சொன்ன விதம்தான் கோணல்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சரி பண்ணுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் சரி பண்ணினது மாதிரி காட்டுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். சட்டைப் பையில் இருந்த சிகரெட் அட்டையிலிருந்து உள்காகிதத்தைக் கிழித்தேன். திருப்புளி நுனியால் ஒரு காலை லேசாக நெம்பி, காகிதத்தை மடித்து உள்ளே தள்ளினேன். சபாபதி சார் அப்போது மட்டத்தின் மேலேயே கண்ணாக இருந்தார், நான் கீழே என்ன செய்கிறேன் என்று பார்க்கவில்லை. குமிழி கோடியிலிருந்து கிளம்பியது. அன்ன நடை போட்டு வந்து நடுவில் நின்றது.

அவருக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த மனைவிக்கு, "ஏம்மா, ஏழுமலைக்கு காபி கொண்டா" என்று குரல் கொடுத்தார். நாற்காலி போடச் சொன்னார். "இப்பவே இன்ஜினியருக்குப் போன் பண்றேன். நீதான்ப்பா ஃபிட்டர். அவனுக்கு வேலையே தெரியாது."

டபராவில் காபி வந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தேன்? கொரட்டூர் என் கையில். அவர் போனை எடுத்து ஒரு வார்த்தை பேசினால் முடிந்தது. மாலையில் குமிழி மறுபடியும் ஓடும், தெரியும். ஓடட்டும், நான் வந்து இன்னொரு காகிதம் வைக்கிறேன். அதற்குள் வரைபடம் என் அக்குளில் இருக்கும்.

ஒரு வாய் காபி குடித்தேன். அவனுக்கு வேலையே தெரியாது என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தை என்னை என்னவோ பண்ணியது. நான் பெரிய யோக்கியன் என்பதால் இல்லை. எத்தனை வருஷமாக அந்த ஆளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்! அவன் வேலைக்கு என்ன மதிப்பு என்று இந்த ஆவடி முழுக்க என்னை விட அறிந்தவன் எவன்? தடவித் தடவிப் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட வேலைக்காரனை ஒரு சிகரெட் காகிதத்தை வைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பா? அந்த நான்கு காலையும் நான் வெட்டியிருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். அவன் நாற்காலி எனக்கு வந்துவிட்டது, அவன் கை எனக்கு வரவில்லையே. அதோடு, அவனுக்கு வேலை தெரியாது என்று ஊர் நம்பிவிட்டால், இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டது யாரைப் பார்த்து? வேலை தெரியாத ஒருத்தனைப் பார்த்தா? இதை நினைத்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

டபராவைக் கீழே வைத்தேன். சபாபதி சார் போனை நோக்கி நடக்கிறார். "சார், ஒரு நிமிசம்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பி வந்ததும், அவர் கண் முன்னாலேயே காலை நெம்பிக் காகிதத்தை உருவினேன். குமிழி பழையபடி கோடிக்கு ஓடியது.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. நீயும் அவன் மாதிரிதானா என்கிற பார்வை.

இந்த இடத்தில் வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருந்தால் நானும் வெளியே போயிருப்பேன். சேகருக்கு நடந்தது அதுதானே? கோபத்தில் இருக்கிற வீட்டுக்காரரிடம் நியாயம் பேசாதீர்கள், அவர் கையில் வேலையைக் கொடுங்கள். நான், "சார், இந்தக் கிரானைட்டு மேல உங்க கையை வைங்க, லேசா" என்றேன். வேண்டாவெறுப்பாக வைத்தார். குமிழி அசைந்தது. எடுக்கச் சொன்னேன். மெதுவாகத் திரும்பியது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் அசைந்தது. பிறகு நானே குழாயைத் திறந்து பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பினேன். அந்தக் கனத்துக்கும் அசைந்தது.

அவர் மட்டத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மொசைக் தரையில் வைத்தார், குமிழி ஓடியது. டி.வி. ஸ்டாண்டில் வைத்தார், அங்கேயும் ஓடியது. ஜன்னல் திண்டு, சாப்பாட்டு மேஜை, சாமி அலமாரி என்று ஒரு இடம் விடவில்லை. எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு பக்கம் ஓடியது. அந்த அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "போதுங்க. இன்னும் ரெண்டு இடத்துல வச்சீங்கன்னா வீட்டையே இடிச்சுக் கட்டணும்னு சொல்லிருவீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதால் நானும் அடக்கிக்கொண்டேன்.

சபாபதி சார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மட்டம் மடியில் இருந்தது. அவராகவே பேசினார், என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. "ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி காங்கிரீட் போடுவோம். அது இறுகுற வரைக்கும் காத்துகிட்டு இருப்போம். மட்டம் பாக்குறப்ப பக்கத்துல ஒருத்தரையும் நடக்க விடமாட்டேன். எனக்கே மறந்து போச்சே." பச்சைத் துணியில் மட்டத்தைப் படுக்க வைத்துப் பெட்டியை மூடினார். அவரும் நம்மைப் போல வேலைக்காரர்தான், நம்மை விடப் பெரிய வேலைக்காரர். ரிடையர் ஆனபிறகு மட்டம் பார்க்க ஒரு மிஷின் கூட இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷன். கிடைத்தது ஒரு பேசின் பெட்டி. இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு எனக்கு என் வயிற்றெரிச்சலே பெரிதாக இருந்தது.

பெட்டியை மூடிவிட்டு அவர் கேட்டார். "அப்ப அந்தப் பையன் வேலை சரிதானா?"

கேள்வி அதுதான். குமிழி கதையோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். பரவாயில்ல சார், இருக்கட்டும் என்று இழுத்திருந்தால் போதும், பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். அந்தப் 'பரவாயில்ல'யில் எத்தனையோ பேர் பிழைப்பு போயிருக்கிறது. எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது அந்த வார்த்தை.

"சரியான வேலை சார்" என்றேன். ஆரம்பித்தாகிவிட்டது, முழுசாகவே சொல்லிவிடலாம் என்று அவரைக் கூட்டிப்போய், குனிய வைத்து, நான்கு காலையும் காட்டினேன். "நான் பண்ணியிருந்தா ஆப்பு அடிச்சுட்டுப் போயிருப்பேன். இந்த மாதிரி எனுக்கு வராது சார்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நேராக இன்ஜினியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். காகிதத்தையும் சேர்த்தே சொன்னேன், சபாபதி சார் எப்படியும் சொல்லிவிடுவார். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் கொரட்டூருக்கு சேகர்தான் என்றார். அதற்கு மேல் ஒன்று சொன்னார் பாருங்கள், நீ அவனுக்கு இரண்டாவது ஆளாக இருந்துகொள், உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்றார். ஒத்துப்போகுமாம்!

வீட்டில் கஸ்தூரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே போட்டாள். "உன் வாயாலயே அவன ஹெட்டா ஆக்கிட்டு வந்து நிக்கிறியே, உனுக்கு இன்னா ஆச்சு?" என்றாள். அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

கொரட்டூர் வேலை ஆரம்பித்தது. நான் மனசுக்குள் ஓட்டிய படம் அப்படியே நடந்தது, ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சேகர் முன்னால் போவான், பைப்போடு நான் பின்னால் போவேன். அவன் ஒரு நாளும் என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும், ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

சேக்காட்டில் நடந்தது அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றோம். கையில் டீயை வைத்துக்கொண்டு, குடிக்காமல், அவன் சொன்னான்: "நேத்து சேக்காட்டுக்குப் போயிருந்தேன். அந்த சாரு அல்லாத்தியும் சொன்னாரு. காயிதம் வெச்சது, நீயே உருவுனது, அல்லாத்தியும்."

நன்றி என்று ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று எனக்கு பயம். அதையும் வாங்கிக்கொண்டு நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. அவன் நன்றி சொல்லவில்லை. டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மின்சார ரயில் வந்து, நின்று, போனது.

"உன் எடத்துல நான் இருந்தா உருவியிருக்க மாட்டேன் மச்சான்" என்றான். "ராத்திரி பூரா ரோசிச்சுப் பாத்துட்டேன். உருவியிருக்கவே மாட்டேன்."

அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். கண் என்னைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, டீயில் உப்பு விழுந்த மாதிரி இருந்தது. அவன் முகத்தில் அதை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் இன்னதென்று தெரிந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகத் தினம் காலையில் சவரம் செய்யும்போது, என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.